மூன்று காவலும் ஒரு மாப்பிள்ளையும்

காமராஜ் சாலையில் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையின் படியை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு ஸ்க்ரூடிரைவர் செட். பின்னால் முதலாளி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கத்துகிறவரைத் திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கத்துவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியதிலிருந்து ஓட்டல், லாரி, அச்சகம் என்று பல இடங்களில் நான் சரிபார்த்துக்கொண்ட உண்மை இது.

வேலை போனதில் வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. பழைய மானிட்டர்களுக்கு நடுவே மேசைக்கு அடியில் படுத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது, அது போயிற்று. அவ்வளவுதான். ஆனால் வேலை போன காரணம்தான் வேடிக்கையானது. ஒரு வாடிக்கையாளரின் வீட்டில், அவர் முகத்துக்கு நேராக, "உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் இல்ல" என்று சொல்லிவிட்டேன். சர்வீஸ் கடையில் வேலை செய்கிறவன் செய்யக்கூடிய குற்றங்களில் இதற்கு மேல் ஒன்று கிடையாது. மதர்போர்டை எரித்துவிட்டு வந்தவனைக்கூட எங்கள் முதலாளி மன்னித்திருக்கிறார்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் என்னைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது, எந்த ஃபயர்வால் நல்லது? நான் ஓய்ந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் எந்தக் கம்பெனியும் எனக்குக் காலண்டர் தரப்போவதில்லை. அதனால் உண்மையைச் சொல்வதில் நஷ்டம் இல்லை. மென்பொருளின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், அந்த நாற்காலியில் உட்காருகிறவர் யார், அவருக்கு எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். இதை எனக்குப் புரியவைத்தது குருசுக்குப்பத்தில் ஒரு வீடு.

புதுச்சேரியில் அப்போதுதான் வீடுகளுக்கு பிராட்பேண்ட் வந்துகொண்டிருந்தது. அதோடு கூடவே பயமும் வந்தது. முதலாளி பயத்தை நன்றாக விற்பார். கடைக்குள் நுழைகிறவரிடம் முதலில் நாற்காலியைக் காட்டுவார், பிறகு குரலைத் தாழ்த்துவார். "சார், ஒங்க வீட்டுக் கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்குவீங்களா?" என்பார். யார்தான் தூங்குவேன் என்பார்கள்? அந்த இடத்திலேயே மஞ்சள் நிறப் பெட்டி ஒன்று கைமாறிவிடும். பெட்டி பெரியது, உள்ளே ஒரே ஒரு சிடி. பெட்டியின் கனத்தைப் பார்த்து ஆன்டிவைரஸ் வாங்கியவர்கள் உண்டு. அட்டையில் போட்டிருந்த கேடயத்தின் படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் உண்டு. அதை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்குமா என்று கேட்டு வாங்கியவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. வாங்கிப்போட்ட பிறகு மெஷின் ஆமையாகிவிடும். மெதுவாக நடந்தால் பத்திரமாக நடக்கிறது என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

குருசுக்குப்பத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் அவரை எல்லோரும் முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டார்கள். மனைவி இல்லை. மூத்த மகள் கல்யாணமாகி பிரான்சில். இளையவள் எலியான் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு பிரெஞ்சு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். முசே பேசுகிற பிரெஞ்சு பட்டாளத்தில் காதால் பிடித்தது. வேகமாகப் பேசுவார், கையெழுத்துப் போடுவார். ஆனால் படிப்பது என்றால் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை நான் போனபோது கம்ப்யூட்டர் ஹாலில், மாதா படத்துக்குக் கீழே, பூப்போட்ட துணி மூடி உட்கார்ந்திருந்தது. துணியை எடுத்து ஆன் செய்தேன். அது எழுந்து வருவதற்குள் காபி வந்து, குடித்து, தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. உள்ளே பார்த்தால் மூன்று காவல்காரர்கள். மூத்த மருமகன் பிரான்சிலிருந்து கொண்டுவந்து போட்ட ஃபயர்வாலும் ஆன்டிவைரஸும் சேர்ந்தது ஒன்று, முழுக்க பிரெஞ்சில். எங்கள் கடை மஞ்சள் பெட்டி ஒன்று. பக்கத்து வீட்டு எஞ்சினீயரிங் மாணவன் இலவசமாக இறக்கிக் கொடுத்தது ஒன்று. மூன்றும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டிருந்தன.

"மூணுல ரெண்ட எடுத்துடணும் முசே" என்றேன்.

"ஏம்ப்பா? ஒரு வாசலுக்கு மூணு செண்ட்ரி நின்னா நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா மூணு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் அடையாளம் தெரியலியே. உள்ளுக்குள்ளியே சுட்டுக்கிறாங்க."

பட்டாளத்துக்காரருக்கு அது சட்டென்று புரிந்தது. "எங்க ரெஜிமெண்ட்லயும் ஒரு தடவ அப்படித்தான் ஆச்சு" என்று சொல்லிச் சிரித்தார். எதை வைத்துக்கொள்வது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "வெள்ளைக்காரன் செஞ்சது இருக்கட்டும். பெரிய மாப்ள போட்டது வேற." மற்ற இரண்டையும் எடுத்தேன். கம்ப்யூட்டர் ஓட ஆரம்பித்தது. மஞ்சள் பெட்டியை எடுத்தேன் என்று கடையில் சொல்லவில்லை. பிள்ளைகளே, வாடிக்கையாளருக்கு நல்லது செய்கிறபோது அதைக் கடையில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

அந்த வீட்டுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது. எலியானுக்கு பிரான்சில் இருக்கும் ஒரு மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊர்க் குடும்பம்தான், போய்த் தங்கிவிட்டவர்கள். பெண் பார்க்கிறதை வெப் கேமராவில் வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நமக்குச் சாயங்காலம், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். முதல் தடவை நன்றாகப் பார்த்துப் பேசிவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளில் படம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா போனில், "ஒரு கம்ப்யூட்டரக் கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியாத வீடா?" என்று கேட்டிருக்கிறார். முசேக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. அடுத்த ஞாயிறும் படம் வரவில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்களாம். அதனால், அழைப்பு வருகிற நேரத்துக்கு நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கடைக்கு வந்து கேட்டார்.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போ. ஆனா சரி பண்ணிடாத. பெரிய வைரஸ், ஹார்டு டிஸ்க்கையே மாத்தணும்னு சொல்லிட்டு வா. கல்யாண வீடுடா, கணக்குப் பாக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். எலியான் பட்டுப்புடவையில், நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். முசே கோட்டு போட்டிருந்தார். சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் கோட்டு. கேமராவில் அவர் தெரியப்போவது ஓரமாக ஒரு தோள் மட்டும்தான், இருந்தாலும் போட்டிருந்தார்.

அழைப்பு வந்தது. உடனே திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. பிரெஞ்சில் நாலு வரி, கீழே இரண்டு பொத்தான்.

"என்னம்மா கேக்குது?" என்றார் முசே.

எலியான் நிதானமாகப் படித்தாள். "வைரஸ் ஒண்ணு உள்ள வரப் பாக்குதாம்ப்பா. தடுக்கவான்னு கேக்குது."

"தடு! தடு!"

அவள் வலதுபக்கப் பொத்தானை அழுத்தினாள். அழைப்பு அறுந்தது. முசே என்னைப் பெருமையோடு பார்த்தார். "பாத்தியா? பெரிய மாப்ள போட்டது எப்படிக் காவல் காக்குது!"

எனக்கு பிரெஞ்சில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பெட்டியை நான் ஆங்கிலத்தில் நூறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதே கட்டம், அதே ஆச்சரியக்குறி, அதே வரிசை. அது வைரஸைப் பற்றிப் பேசுகிற பெட்டி இல்லை. இந்த சாட் ப்ரோக்ராம் இணையத்துக்குப் போகலாமா, அனுமதிக்கிறதா மறுக்கிறதா என்று வீட்டுக்காரரைக் கேட்கிற பெட்டி. இடது பக்கம் அனுமதி. வலது பக்கம் மறுப்பு. எலியான் என்னைப் பார்த்தாள். நான் கண்டுகொண்டேன் என்று அவளும் கண்டுகொண்டாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா. ரிசீவரை முசே காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தும் எங்களுக்குக் கேட்டது. "கடைசியா ஒரு தடவ கூப்புடறோம். அவ்வளவுதான்." முசே நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஆள் வந்திருக்காரு, இதோ பாத்துக்கினே இருக்காரு" என்று கெஞ்சினார். என் சட்டைப் பையில் கடையின் செல்போன் நடுங்கியது. எடுத்தால் முதலாளி. "சொல்லிட்டியா?"

உங்கள் வேலையில் இப்படி ஒரு நிமிஷம் கட்டாயம் வரும். அப்போது எல்லோரும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு பதில் அவர்களிடம் தயாராக இருக்கும், அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றிருப்பார்கள். அந்த நிமிஷத்தில் நான் எப்போதும் செய்வது ஒன்றே ஒன்றுதான். கூட்டத்தைக் குறைப்பேன்.

"முசே, மாடிக்குப் போயி ஃபோன் லைனு எங்கியாவது தொங்குதான்னு பாத்துட்டு வாங்க" என்றேன். லைனில் ஒன்றுமில்லை. வயதான மனிதர் கோட்டோடு மாடிப்படி ஏறினார்.

"எம்மா, அந்தப் பெட்டியில அப்படி எழுதல."

"ஒங்களுக்கு பிரெஞ்சு தெரியுமா?"

"தெரியாது. பெட்டியத் தெரியும்."

அவள் மாடிப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கடகடவென்று சொன்னாள். "மொத நாளு அந்தம்மா எழுந்து நில்லுன்னாங்க. நின்னேன். நடன்னாங்க. நடந்தேன். திரும்பு, பின்னாடி பாக்கணும்னாங்க. அப்பறம் பல்லக் காட்டிச் சிரின்னாங்க. அவரு பக்கத்துல ஒக்காந்து சாப்புட்டுக்கினே இருந்தாரு. ஒரு வார்த்த பேசல."

"அப்பாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். கேமரா சின்னது, ஒரு பக்கந்தான் தெரியும், அதான் திரும்பச் சொன்னாங்கன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். "இந்த ஃபயர்வால வச்சிக்கினு எத்தினி ஞாயிறு தள்ளுவீங்க? நாளைக்கு எங்க மொதலாளி வேற ஒருத்தன அனுப்புவாரு. அவன் இதப் புடுங்கிப் போட்டுட்டு வேற போடுவான். அது தமிழ்லியே கேக்குதுன்னு வைங்க, அப்ப என்னா படிச்சிக் காட்டுவீங்க?"

"அப்ப நீங்க சொல்லிடப் போறீங்களா?"

"நான் மிஷினப் பத்தி மட்டுந்தான் சொல்லுவேன். அது கேள்வி கேக்குது. பதிலு சொல்றது ஒங்க பாடு."

முசே மூச்சு வாங்க இறங்கி வந்தார். "லைனு நல்லாத்தான் இருக்குது. என்னப்பா கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல முசே. வைரஸும் இல்ல. மிஷினு நல்லா இருக்குது."

"அப்பறம் ஏன் படம் வரல?"

 அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. பெட்டி மூலையில் எழும்பியது. "என்னம்மா, மறுபடியும் வைரஸா?" என்றார் முசே. எலியான் இந்தத் தடவை எதையும் படித்துச் சொல்லவில்லை. இடதுபக்கப் பொத்தானை அழுத்தினாள்.

படம் வந்தது. ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பெரிய ரொட்டி, தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், பக்கத்தில் ஒட்ட வாரிய தலையோடு மாப்பிள்ளை. முசே தோளைச் சரியாக வைத்துக்கொண்டு, "பொன்ழூர், பொன்ழூர்" என்று வணங்கினார்.

அந்தம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். "இன்னிக்காவது தெரியுதே. எழுந்து நில்லும்மா. பொடவையில ஒரு தடவ பாத்துடறோம். அப்படியே மெதுவாத் திரும்பு."

எலியான் எழுந்திருக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகவே சொன்னாள். "நிக்கறேன் அத்த. மொதல்ல ஒங்க புள்ளய எழுந்து நிக்கச் சொல்லுங்க. அவரும் மெதுவாத் திரும்பட்டும். தலையில பின்பக்கம் வழுக்கை இருக்குதான்னு எங்க அப்பா பாக்கணுமாம்."

மாப்பிள்ளை பாவம், பழக்கதோஷத்தில் பாதி எழுந்துவிட்டார். அம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். படத்தில் நாங்கள் கடைசியாகப் பார்த்தது, கேமராவை மூடவந்த ஓர் உள்ளங்கை.

 முசே மகள் பக்கம் திரும்பினார். அவர் கையை ஓங்கப்போகிறார் என்றே நினைத்தேன். கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார்.

"வழுக்கைன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க சொல்லலப்பா. நான்தான் சொன்னேன். எனக்கு இவங்க வேணாம்."

அவர் அந்தக் கறுத்துப்போன திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருக்குதா?" என்றார்.

"எது?"

"வழுக்கை."

"இருக்குதுப்பா. எழுந்தப்ப பாத்தேன்."

முசேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நான் ஸ்க்ரூடிரைவரைச் செட்டுக்குள் போட்டு மூடினேன். அந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் நாம் கதைக்குள் வேலை செய்கிறவர்கள் இல்லை, வீடுகளுக்குள் வேலை செய்கிறவர்கள். சிரிப்பு அடங்கியதும் முசேக்கு பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூத்த மகளுக்கு என்ன சொல்வது? நடுவில் இருந்து பேசிவிட்டவருக்கு என்ன சொல்வது? பெண் இப்படிக் கேட்டாள் என்று சொல்ல முடியுமா? அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

"ஏம்ப்பா, பாத்துக்கினு நின்ன இல்ல? வைரஸ் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, படம் வரலன்னு இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருக்கலாம். ஒன்ன யாரு இல்லன்னு சொல்லச் சொன்னது?"

"அப்பா!" என்றாள் எலியான்.

"நீ சும்மா இரு." போனை எடுத்து எங்கள் கடைக்கு அடித்தார். நான் நிற்கும்போதே சொன்னார். "ஒங்க ஆளு வந்தான். வைரஸே இல்லன்னான். என்னத்தையோ நோண்டினான். கேமராவுல கண்டபடி சத்தமா வந்து, இவ சொன்னது அவங்களுக்கு வேற மாதிரி கேட்டு, சம்பந்தமே போச்சு." ரிசீவரை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல், "கோச்சுக்காதப்பா. பொண்ணு பேரு இருக்குது" என்றார்.

கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் சமாதானம் ஆக வேண்டுமென்றால் வெளியாள் ஒருவன் குற்றவாளியாக வேண்டும். நம் தொழிலில் அந்த வேலையும் சேர்த்தி. மெஷினைக் குறை சொன்னால் கம்பெனிக்காரன் பதில் சொல்வான், பெண்ணைக் குறை சொன்னால் ஊர் பேசும். சர்வீஸ் ஆளைக் குறை சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆளைத் தவிர. ஆனால் மெஷினைப் பற்றிப் பொய் சொல்லி அந்தப் பழியை வாங்கிக்கொள்ளாதீர்கள். நான் பொய் சொல்லியிருந்தால் முதலாளிக்கு ஒரு ஹார்டு டிஸ்க் விற்றிருக்கும், அந்தப் பெண் இன்னும் ஒரு மாதம் பட்டுப்புடவையில் பெட்டியைப் படித்துக்கொண்டிருப்பாள், கடைசியில் ஒரு நாள் எவனோ அவளுக்காக அனுமதியை அழுத்திவிட்டுப் போயிருப்பான்.

கிளம்புகிறபோது எலியான் வாசல் வரை வந்தாள். "அந்த ஃபயர்வால் இருக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

"இருக்கட்டும். நல்லதுதான். கேக்கறப்ப எல்லாம் படிச்சிப் பாத்து அமுக்குங்க."

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம். ஒரு மெஷினுக்கு ஒரு ஆன்டிவைரஸ் போதும். அது இலவசமானாலும் சரி, அன்றாடம் அப்டேட் ஆகிறதா என்று பாருங்கள். கூடவே வருகிற ஃபயர்வாலை அணைக்காதீர்கள். வீட்டுக்காரர்களுக்குப் புரிகிற மொழியில் போடுங்கள். எல்லாவற்றையும் அனுமதிக்கிறவர் வீட்டில் திருடன் நுழைவான், எல்லாவற்றையும் மறுக்கிறவர் வீட்டில் சொந்தக்காரனே வெளியே நிற்பான். இரண்டு வகை வீடுகளிலும் கடைசியில் உங்களைத்தான் திட்டுவார்கள்.

நான் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதலாளி என் பையை எடுத்துப் படியில் வைத்திருந்தார். "வைரஸ் இல்லன்னு சொன்னியாமே? இல்லன்னா அப்பறம் நீ எதுக்குடா?" என்றார். நியாயமான கேள்வி. கையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் செட்டை அதற்குள் போட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். வழியில் இன்னொரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. ஆள் வேண்டுமா என்று கேட்டேன். அந்தக் கடைக்காரர் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீதான அந்தக் கல்யாணத்தக் கெடுத்தவன்?" என்றார். செய்தி என்னைவிட வேகமாக நடந்திருந்தது. விழுப்புரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. ஊரை விட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணமா என்று தோன்றியது. பெஞ்சில் படுத்துத் தூங்கினேன்.

காலையில் தேங்காய்த்திட்டு வரை நடந்து போனேன். துறைமுகத்தில் படகுகள் வந்து ஏலம் தொடங்கியிருந்தது. கூடை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி ஒருவர் நின்றார்.

"என்ன வேல தெரியும்?"

"கம்ப்யூட்டர்."

"இங்க அது கெடையாது. ஐஸ் ஒடைப்பியா?"

"ஒடைப்பேன்."

ஒரு மரச்சுத்தியலைக் கையில் கொடுத்தார். கட்டியை உடைத்து மீன்மேல் கொட்டிக்கொண்டிருந்தேன். வாங்க வந்த ஒருவர் கூடையில் இருந்த பெரிய வஞ்சிரத்தைக் காட்டி, "அதத் திருப்பு, பின்பக்கம் பாக்கணும்" என்றார். திருப்பினேன். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். மீன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இன்னொரு தடவை திருப்பச் சொன்னார்.